தரையைப் பார்த்து நடந்த ஆறு நாட்கள்

முதல் நாள்

இந்த நகரத்தின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அதில் ரகசியம் எதுவும் இல்லை. நான் படம் எடுக்க வந்திருக்கும் பொருள்கள் எந்த நகரத்திலும் இருப்பவை என்பதால் பெயர் தேவைப்படவில்லை, அவ்வளவுதான். பாதாளச் சாக்கடை மூடி, மழைநீர்க் குழாய், நடைபாதைக் கல், வடிகால் கிராதி, படிக்கட்டின் கைப்பிடி, வண்டிகள் ஏறாமலிருக்க நடைபாதை ஓரத்தில் நட்டிருக்கும் குட்டைத் தூண்கள். கோபுரம், அரண்மனை, பாலம் ஆகியவற்றின் பக்கம் கேமராவைத் திருப்புவதில்லை என்று ரயிலிலேயே முடிவு செய்துகொண்டேன். கையில் இருப்பது ஒரு கேமரா, 35 மி.மீ. குவியத் தொலைவுள்ள ஒரே லென்ஸ், ஒரு சிறிய ட்ரைபாட். ஜூம் கிடையாது. ஒரு பொருள் சட்டகத்தில் பெரிதாகத் தெரிய வேண்டுமென்றால் நான்தான் அதனிடம் போக வேண்டும்.

காலையில் தங்குமிடத்திலிருந்து இறங்கியவன் மாலை வரை நடந்தேன். 214 படங்கள் சேர்ந்தன. இரவு அவற்றைத் திரையில் ஒவ்வொன்றாகப் பார்த்தபோது, வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லும்படி ஒன்றுகூடத் தேறவில்லை. வெளிச்சத்தைக் குறை சொல்ல வழியில்லை, ஃபோகஸும் சரியாகவே இருந்தது. எல்லாப் படங்களும் ஒரே உயரத்திலிருந்து, அதாவது என் கண் உயரத்திலிருந்து, பொருள் கண்ணில் பட்டதும் நான் தற்செயலாக நின்றுவிட்ட இடத்திலிருந்து எடுக்கப்பட்டிருந்தன என்பதுதான் கோளாறு. சாக்கடை மூடியை எடுத்துக்கொள்ளுங்கள். கேமரா தரையிலிருந்து 1.6 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மூடி என் காலடியிலிருந்து ஏறத்தாழ அதே தூரத்தில் முன்னால் கிடக்கிறது. 45 பாகைச் சாய்வில் பார்க்கும்போது வட்டத்தின் ஆழம் பத்தில் ஏழு பங்காகச் சுருங்கிவிடுகிறது. படத்தில் இருப்பது வட்டமாகவும் இல்லை, தூரத்தை நோக்கி ஓடும் தரையாகவும் இல்லை. எதையும் தீர்மானிக்காத ஒரு நீள்வட்டம்.

ரஷ்யக் கலைஞர் அலெக்சாந்தர் ரோட்சென்கோ 1928இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதே பழக்கத்தைச் சாடியிருக்கிறார். தொப்புள் உயரத்தை விட்டுவிட்டு மற்ற எல்லாக் கோணங்களிலிருந்தும் எடுக்க வேண்டும் என்பது அவருடைய வாதம். அக்காலத்துக் கேமராக்கள் பலவற்றை வயிற்றருகே பிடித்து, மேலிருந்து குனிந்து பார்த்து எடுக்க வேண்டியிருந்தது. அவரோ 1925இலேயே மாஸ்கோவில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் பால்கனிகளை அடியில் நின்று அண்ணாந்து எடுத்தவர். இப்போது கேமரா தொப்புளிலிருந்து கண்ணுக்கு ஏறியிருக்கிறது. இன்றைய என் 214 படங்களைப் பார்த்தால், பழக்கம் மட்டும் ஏறவே இல்லை.

இரண்டாம் நாள்

தொப்புளைப் பழித்த கட்டுரையை நினைத்துக்கொண்டு படுத்தவன், இன்று காலை முதல் வேலையாகக் கேமராவைத் தொப்புள் உயரத்துக்கே இறக்க வேண்டியதாயிற்று. கணக்கு அப்படி. மூடியின் விட்டம் சுமார் 60 செ.மீ.; என் லென்ஸை நேர் கீழாகப் பிடித்தால் 1 மீட்டர் உயரத்திலிருந்து ஏறக்குறைய 103 செ.மீ. நீளமும் 69 செ.மீ. அகலமும் கொண்ட தரைப்பகுதி சட்டகத்தில் விழுகிறது. வட்டம் மேலும் கீழும் நாலரை செ.மீ. இடம் விட்டு அழகாக உட்காருகிறது. கைகளை முன்னால் முழுதாக நீட்ட வேண்டும். சற்றுத் தளர்த்தினாலும் செருப்பின் நுனி உள்ளே எட்டிப் பார்க்கும். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருந்தால் நம் நிழலே மூடியை மூடிவிடும் என்பதால், சூரியனைப் பார்த்தபடி நிற்க வேண்டும். சாலையில் போகிறவர்களுக்கு, பூமிக்கு எதையோ காணிக்கை கொடுப்பவனைப் போல நான் தெரிந்திருப்பேன்.

கேமராவின் முகம் தரைக்கு இணையாக இருப்பதுதான் இதில் கடினம். ஒரு பாகை சாய்ந்தாலும் வட்டம் முட்டையாகத் தொடங்குகிறது. பல கைபேசிகளின் கேமராவில், கீழ்நோக்கிப் பிடிக்கும்போது இரண்டு கூட்டல் குறிகள் தோன்றி, சரியாக இணையானதும் ஒன்றன்மேல் ஒன்று படியும். அந்த வசதி என் கேமராவில் இல்லை. ட்ரைபாட்டின் குமிழிமட்டத்தை நம்பி, ஒரு மூடிக்குக் கால் மணி நேரம் செலவழித்தேன்.

அந்தக் கால் மணி நேரத்தில் மூடியைப் பார்த்துக்கொண்டே இருந்ததால் ஒன்று புரிந்தது. மூடிகளை வட்டமாகச் செய்வதற்குச் சொல்லப்படும் காரணம் பலருக்கும் தெரிந்திருக்கும்: வட்டத்துக்கு எந்தத் திசையிலும் ஒரே அகலம், ஆகவே எப்படிச் சாய்த்தாலும் தன் துளைக்குள் தானே விழாது. 60 செ.மீ. பக்கமுள்ள சதுர மூடியென்றால் அதன் துளையின் மூலைவிட்டம் 85 செ.மீ. இருக்கும், செங்குத்தாக நிமிர்த்தி மூலைவாக்கில் திருப்பினால் உள்ளே போய்விடும். மேலே இருக்கும் புடைப்பு வடிவங்களும் அலங்காரமாக மட்டும் வந்தவை அல்ல. மழையில் நனைந்த வழவழப்பான இரும்பில் சக்கரமும் காலும் வழுக்காமல் இருக்க அவை தேவை. சக்கரம் எந்தப் பக்கத்திலிருந்தும் வரலாம் என்பதால் புடைப்புகள் எந்தத் திசைக்கும் சாதகம் காட்டாமல் அமைந்திருக்கின்றன. அப்படிப்பட்ட பொருளுக்கு மேல், கீழ், இடம், வலம் கிடையாது. நேர் மேலே நின்று பார்ப்பதுதான் அதற்கு நியாயமான பார்வை என்று கேமராவைத் தூக்குவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

பக்கத்திலேயே இருந்த வடிகால் கிராதி இதற்கு நேர்மாறு. சைக்கிளின் சக்கரம் இடுக்கில் சிக்கிவிடக் கூடாதென்று அதன் துளைகளைப் போக்குவரத்துக்குக் குறுக்காக வைக்கிறார்கள். அதற்குத் திசை உண்டு, முன்னும் பின்னும் உண்டு. அதை மேலிருந்து எடுத்த படம் வெறும் கோடுகளாகவே இருந்தது. சக்கரம் வரும் திசையில் தரையோடு தரையாகக் கேமராவை வைத்ததும், இடுக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகக் குறுக்கே படுத்து, தூரத்தில் மெலிந்து போயின. இந்தப் பயணத்தில் பிடித்துக்கொள்ள வேண்டிய நூல் இதுவாகத்தான் இருக்கும் என்று தோன்றுகிறது: ஒரு வடிவம் எதற்காக அங்கே வந்தது என்று தெரிந்தால், அதைப் பார்க்க எங்கே நிற்பது என்பதும் பெரும்பாலும் தெரிந்துவிடுகிறது.

மதியத்துக்குப் பிறகு நடைபாதையில் பதித்திருந்த மஞ்சள் கற்களிடம் போனேன். பார்வையற்றோர் காலாலும் கோலாலும் தொட்டறிந்து நடப்பதற்கான கற்கள் இவை. ஜப்பானில் செயிச்சி மியாகே 1965இல் உருவாக்கினார். 1967இல் ஒகயாமா நகரத் தெரு ஒன்றில் முதன்முதலாகப் பதிக்கப்பட்டு, பிறகு உலகெங்கும் பரவின. இவற்றின் இலக்கணம் எளிமையானது: நீளக் கோடுகள் இருந்தால் இந்த வழியே நட, வட்டப் புள்ளிகள் இருந்தால் நில், கவனி. நகரத்தில் இவ்வளவு ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வரும் வடிவம் வேறொன்று எனக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அது கண்ணுக்காகச் செய்யப்பட்டதே இல்லை. மஞ்சள் நிறம் மட்டும் ஓரளவு பார்வை உள்ளவர்களுக்கு உதவுகிறது. மற்றதெல்லாம் தொடுகைக்கு.

தொடுகைக்கான வடிவத்தைக் கண்ணுக்குக் காட்டுவது எப்படி? உச்சி வெயிலில் எடுத்த படங்களில் புள்ளிகள் இருப்பதே தெரியவில்லை. மஞ்சள் பூசிய சமதளம் மாதிரி கிடந்தன. புள்ளியின் உயரம் சுமார் 5 மி.மீ. சூரியன் 45 பாகை உயரத்தில் இருக்கும்போது அதன் நிழலும் 5 மி.மீ.தான். சூரியன் 10 பாகைக்கு இறங்கும்போது நிழல் ஏறத்தாழ 28 மி.மீ. ஆகிறது, கிட்டத்தட்ட அடுத்த புள்ளியின் அடி வரை போகிறது. ஆகவே மாலைக்காகக் காத்திருந்தேன். வெயில் தரையைத் தடவிக்கொண்டு வந்த அரைமணி நேரத்தில் ஒவ்வொரு புள்ளியும் ஒரு பக்கம் ஒளியும் மறுபக்கம் இருளுமாக எழுந்து நின்றது. விரலால் தடவினால் என்ன தெரியுமோ, அதில் பாதியாவது படத்தில் வந்திருக்கிறது.

சட்டகத்தை எங்கே வெட்டுவது என்ற கேள்வியும் இங்கேதான் முற்றியது. கற்களின் ஓரமும் பக்கத்திலிருந்த சாம்பல்நிறத் தரையும் படத்துக்குள் வந்தால், பார்ப்பவர் காண்பது ஒரு பொருளை. அது இங்கே தொடங்கி அங்கே முடிகிறது. நான்கு விளிம்புகளையும் வடிவம் முட்டி நின்றால், சட்டகத்துக்கு வெளியேயும் அது முடிவில்லாமல் போய்க்கொண்டிருப்பதாக மனம் எண்ணிக்கொள்கிறது. ஒரு தளத்தில் இரு திசைகளிலும் திரும்ப வரும் வடிவங்களைச் சமச்சீரின்படி பிரித்தால் 17 வகைகளுக்கு மேல் இல்லை என்று ரஷ்யப் படிகவியலாளர் ஃபெடரோவ் 1891இல் நிறுவினார். ஆக, கல் பதிப்பவரின் கற்பனைக்கும் கணிதம் எல்லை வைத்திருக்கிறது; எடுப்பவருக்கு மிஞ்சும் சுதந்திரம் விளிம்பை எங்கே வைப்பது என்பதில்தான் இருக்கிறது. அலகு மூன்று முறையாவது வராவிட்டால் எனக்கு அது தொடராகத் தெரிவதில்லை. ஐம்பது முறைக்கு மேல் வந்தால் துணியின் நெசவுபோல் ஆகிவிடுகிறது. இது என் கண்ணின் கணக்கு. உங்கள் கண் வேறு எண் சொல்லலாம்.

சட்டகத்தை மூன்று மூன்று பங்காகப் பிரித்து, முக்கியமானதை அந்தக் கோடுகளில் வைக்கச் சொல்லும் மூன்றில் ஒரு பங்கு விதியை ஏன் பின்பற்றவில்லை என்று கேட்பவர்களுக்காக ஒரு சொல். 1797இல் ஆங்கிலேய ஓவியர் ஜான் தாமஸ் ஸ்மித் அந்த விதியைப் பெயர் சொல்லி எழுதியபோது அவர் மனத்தில் இருந்தது நாட்டுப்புற நிலக்காட்சி ஓவியம். வானம் எவ்வளவு, நிலம் எவ்வளவு என்ற கேள்வி. விளிம்பிலிருந்து விளிம்பு வரை ஒரே மாதிரி நிரம்பிய மஞ்சள் கற்களில் மூன்றாம் பங்கில் வைக்க எதுவும் இல்லை.

மூன்றாம் நாள்

இன்று முழுவதும் ஒரே தெருவில், ஒரே வரிசைத் தூண்களோடு கழிந்தது. வாகனங்கள் நடைபாதையில் ஏறாமல் தடுக்கும் இரும்புத் தூண்கள். உயரம் சுமார் 1 மீட்டர், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 2 மீட்டர். ஒரே அளவான பொருள்கள் சம இடைவெளியில் நிற்பதால் பர்ஸ்பெக்டிவை, அதாவது தூரத்துக்கேற்பப் பொருள்கள் சிறுத்துத் தெரிவதை, படிக்க இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது.

முதல் தூணிலிருந்து 1 மீட்டர் தள்ளி நின்று எடுத்தேன். இரண்டாவது தூண் என்னிடமிருந்து 3 மீட்டரில் இருக்கிறது, ஆகவே படத்தில் முதல் தூணின் மூன்றில் ஒரு பங்காகத் தெரிந்தது. பிறகு 10 மீட்டருக்குப் பின்வாங்கினேன். இப்போது தூரங்கள் 10, 12. முதல் தூண் இரண்டாவதைவிட 1.2 மடங்கு மட்டுமே பெரிது. வரிசை முழுவதும் நெருங்கி, தோளோடு தோள் உரசி நின்றது. தொலைவில் இருப்பதைப் பெரிதாகக் காட்டும் டெலி லென்ஸ் தூரத்தைச் சுருக்கும் என்று பல காலமாகக் கேட்டும் சொல்லியும் வந்திருக்கிறேன். என்னிடம் டெலி லென்ஸ் இல்லையே! இரவு அந்த இரண்டாவது படத்தில் முதல் தூண் சட்டகத்தை நிரப்பும்வரை வெட்டிப் பெரிதாக்கினேன். 6000 புள்ளி அகலப் படம் 600 புள்ளியாகத் தேய்ந்து புழுதி பறந்தது, ஆனால் தூண்களுக்கிடையேயான உறவு டெலி லென்ஸில் எப்படி வருமோ அப்படியே வந்தது. சுருக்கியது நான் பின்வாங்கிய 9 மீட்டர். லென்ஸ் செய்வது அந்தத் தூரத்திலிருந்து தெரிவதில் எவ்வளவை வெட்டி எடுப்பது என்பதை மட்டும்தான்.

மாலையில் கிடைத்தது வேறொன்று. கால் வலித்ததால் நடைபாதையில் உட்கார்ந்தேன், பிறகு மண்டியிட்டேன். எழும்போது கேமராவின் திரையில் ஒரு கணம் ஏதோ நேர்கோடாகிக் கலைந்தது. மறுபடி மெல்ல இறங்கினேன். கேமரா சரியாகத் தூணின் உயரத்துக்கு, 1 மீட்டருக்கு வந்ததும் எல்லாத் தூண்களின் தலைகளும் ஒரே கிடைக்கோட்டில் வந்து நின்றன. அடிப்பகுதிகள் மட்டும், தூரத்தில் கோடுகள் கூடுவதாகத் தோன்றும் மறைபுள்ளியை நோக்கிச் சாய்வாக ஏறிக்கொண்டிருந்தன. சமதரையில் கேமராவின் உயரத்துக்குச் சமமான எதுவும், அருகில் இருந்தாலும் தொலைவில் இருந்தாலும், அடிவானக் கோட்டிலேயே முடியும்; ஓவியத்தை ஒரு ஜன்னலாக எண்ணச் சொன்ன இத்தாலிய அறிஞர் ஆல்பெர்ட்டி 1435இலேயே எழுதி வைத்த சங்கதி இது. படித்தபோது வடிவியலாக மட்டுமே தெரிந்தது, இன்று முட்டி வலியோடு பார்த்தபோதுதான் உறைத்தது. நின்று பார்த்தால் தலைகள் கீழிருந்து ஏறுகின்றன, தரையில் வைத்துப் பார்த்தால் மேலிருந்து இறங்குகின்றன, 1 மீட்டரில் மட்டும் அசையாமல் நிற்கின்றன. ஐந்து செ.மீ. தவறினால் போதும், கோடு உடைந்துவிடும்.

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் வில்லியம் எகிள்ஸ்டன் 1970ஐ ஒட்டி எடுத்த குழந்தையின் மூன்று சக்கர சைக்கிள் படம் நினைவுக்கு வந்தது. கேமரா தரையோரம் இருப்பதால் அடிவானம் சைக்கிளின் காலடிக்கு இறங்கிவிடுகிறது; இருக்கையும் கைப்பிடியும் வானத்துக்கு எழுந்து, பின்னாலிருக்கும் வீடுகளைவிட உயர்ந்து நிற்கின்றன. சைக்கிள் ஒரு மி.மீ. கூட வளரவில்லை. எடுத்தவர் குனிந்திருக்கிறார்.

இன்னொரு சிறு செய்தி. மேல்நோக்கிக் கேமராவைச் சாய்த்தால் கட்டடத்தின் செங்குத்துக் கோடுகள் உச்சியில் நெருங்கும். நெருங்குவதில் தவறில்லை; அரைகுறையாக நெருங்குவதுதான் கண்ணை உறுத்துகிறது. இரண்டு மூன்று பாகைச் சாய்வு கைத்தவறாகத் தெரிகிறது, நாற்பது பாகைச் சாய்வு நோக்கத்தோடு செய்ததாகத் தெரிகிறது.

நான்காம் நாள்

அதிகம் எழுத இல்லை. காலையில் பல அடுக்கு வாகன நிறுத்தம் ஒன்றின் சுழல் சாய்தளத்தை எடுக்கலாமென்று போனேன். காவலர் வந்து, இங்கே படம் எடுக்க அனுமதி இல்லை என்று மரியாதையாகவே சொன்னார். அது அவர்கள் இடம். திரும்பிவிட்டேன்.

பிறகு ஒரு கட்டடத்தின் காற்றோட்டக் கிராதியை, மெல்லிய தகடுகள் நெருக்கமாக அடுக்கிய பெரிய சுவர் போன்ற ஒன்றை, எடுத்தேன். படத்தில் அங்கே இல்லாத வளைவுகள், பச்சையும் ஊதாவுமான அலைகள் மிதந்தன. மொய்ரே என்பார்கள். கேமராவின் உணரியில் புள்ளிகள் ஒரு வரிசையாக இருக்கின்றன. தகடுகளின் பிம்பமும் அதே நெருக்கத்தில் அதன்மேல் விழும்போது, இரு ஒழுங்குகளும் மோதி மூன்றாவதாக ஒரு பொய் ஒழுங்கு பிறக்கிறது. இரண்டு சீப்புகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து லேசாகத் திருப்பினால் தெரியும் பட்டைகளும் இதே விஷயம்தான். நாலடி முன்னால் போனதும் தகடுகள் பெரிதாகி அலைகள் மறைந்தன. திரையில் சிறிதாகப் பார்க்கும்போது மட்டும் தோன்றும் மொய்ரேயும் உண்டு. அது படத்தில் இருக்காது, திரையின் புள்ளிகளோடு மோதியதால் வந்திருக்கும். ஆகவே அழிப்பதற்கு முன் முழு அளவில் பெரிதாக்கிப் பார்த்துவிடுங்கள். நான் இரண்டு நல்ல படங்களை அவசரத்தில் அழித்தேன்.

மதியம் மழை.

ஐந்தாம் நாள்

மழை விட்டும் மேகம் விலகவில்லை. நிழலே இல்லாத, எல்லாப் பக்கமும் சமமாகப் பரவிய வெளிச்சம். இரண்டாம் நாளில் இப்படி இருந்திருந்தால் சபித்திருப்பேன்; இன்று வேறு வேலைக்கு இதுவே தேவைப்பட்டது.

ஜெர்மனியின் பெர்ன்ட் பெச்சரும் ஹில்லா பெச்சரும் 1959 முதல் சேர்ந்து நீர்த்தொட்டிகளையும் உலைகளையும் சுரங்கக் கோபுரங்களையும் படம் எடுத்துவந்தார்கள். மேகம் மூடிய வானம், நேர் முகப்பு, ஒரே மாதிரிச் சட்டகம். பிறகு ஒரே வகைப் பொருளின் படங்களை வரிசை வரிசையாகக் கட்டமாக மாட்டிவிடுவார்கள். 1990இல் வெனிஸ் பியன்னாலே கலைக் கண்காட்சியில் அவர்களுக்குச் சிற்பத்துக்கான தங்கச் சிங்கம் விருது வழங்கப்பட்டது, எடுத்தது முழுக்கப் புகைப்படங்களே என்றாலும். தனியாகப் பார்த்தால் அலுப்பூட்டும் ஒரு நீர்த்தொட்டி, பதினைந்து நீர்த்தொட்டிகளின் நடுவில் தன் முகத்தைக் காட்டத் தொடங்கும் என்பதை அவர்கள் நம்பினார்கள்.

நான் எடுத்துக்கொண்ட பொருள் மழைநீர்க் குழாய். மாடியிலிருந்து சுவரோரமாக இறங்கித் தரையில் தண்ணீரைக் கொட்டும், யாரும் திரும்பிப் பார்க்காத குழாய். பதினாறு படங்கள், நாலுக்கு நாலு கட்டம் என்பது திட்டம். காலையில் ஆர்வக் கோளாறில் ஒன்பது எடுத்துவிட்டுத் திரையில் அடுக்கிப் பார்த்தால், குழாய்கள் ஒன்றோடொன்று பேசவே இல்லை. ஒன்று அருகில், ஒன்று தொலைவில். ஒன்றில் தரை தெரிகிறது, ஒன்றில் பாதியில் வெட்டுப்பட்டிருக்கிறது. வேறுபாடுகளெல்லாம் என்னுடையவையாக இருந்தன, குழாய்களுடையவையாக இல்லை. அனைத்தையும் ஒதுக்கிவிட்டு விதிகளை எழுதிக்கொண்டேன்: சுவரிலிருந்து 3 மீட்டர், கேமரா 1.4 மீட்டர் உயரத்தில், நெட்டைச் சட்டகம், கிடைமட்டம் பிசகக் கூடாது. அந்தத் தூரத்தில் என் லென்ஸுக்கு 3.1 மீட்டர் உயரம் அகப்படுகிறது. குழாயின் வாய்க்குக் கீழே ஒரு சாண் தரையும் கிடைக்கிறது. தூரத்தை அளக்க 3 மீட்டர் நீளமுள்ள கயிற்றின் ஒரு முனையைச் சுவரில் பிடித்து, மறுமுனையில் ட்ரைபாடை வைத்தேன். இரண்டு பையன்கள் வெகுநேரம் பின்தொடர்ந்து, நான் நிலம் அளக்க வந்தவனா என்று கேட்டார்கள்.

என் கை ஒழுங்காக நின்றதும் குழாய்கள் பேசத் தொடங்கின. நேராக இறங்குவது மிகச் சில. பெரும்பாலானவற்றில் எங்கோ ஓர் எல்போ திரும்பி, கொஞ்ச தூரம் சாய்ந்து, இன்னோர் எல்போவால் மறுபடி நிமிர்கிறது. ஜன்னலுக்கு வழிவிட ஒன்று, மின்பெட்டிக்காக ஒன்று, பின்னால் வந்த படிக்கட்டுக்காக ஒன்று. சுவரோடு இறுக்கும் கிளாம்ப்களின் இடைவெளிகூட ஒன்றுபோல் இல்லை. ஆணி அடிக்கத் தோதான செங்கல் இடுக்கு எங்கே கிடைத்ததோ அங்கே வைத்திருக்கிறார்கள். தண்ணீருக்கு நேராக இறங்கத்தான் விருப்பம். ஒவ்வொரு வளைவும் தண்ணீருக்கும் வேறு யாருக்கோ தேவைப்பட்ட ஒன்றுக்கும் இடையே ஏற்பட்ட உடன்பாடு.

பதினோராவது குழாய் என்னை நிறுத்திவிட்டது. மேலிருந்து நேராக வந்தது, தரையிலிருந்து ஆளுயரத்துக்கும் மேலே ஓரிடத்தில் இடப்பக்கம் ஒதுங்கி, ஒரு மீட்டருக்கு மேல் சுற்றிக்கொண்டு வந்து, மறுபடி பழைய கோட்டுக்கே திரும்பி இறங்கியது. சுற்றி வந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. வெறும் செங்கல் சுவர். காரணம் தெரிந்தால் நிற்கும் இடம் தெரியும் என்று எழுதியவன், காரணம் தெரியாமல் அதன்முன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கயிற்றைச் சுருட்டிவிட்டு 6 மீட்டருக்குப் பின்வாங்கியபோதுதான் சுவர் விட்டுக்கொடுத்தது. அந்தச் சுவரின் கட்டுமானத்தில் ஒவ்வொரு வரியிலும் செங்கல்லின் நீளப் பக்கமும் குறுகிய பக்கமும் மாறிமாறி வருகின்றன. ஃப்ளெமிஷ் கட்டு என்பது இதன் பெயர். குழாய் ஒதுங்கிய இடத்தில் மட்டும், செவ்வகமாக ஒரு பகுதியில், எல்லாச் செங்கல்லும் நீளவாக்கிலேயே கிடந்தன. நிறமும் ஒரு துளி வெளிறியிருந்தது. அங்கே ஒரு ஜன்னல் இருந்திருக்க வேண்டும். அதை யாரோ அடைத்துவிட்டார்கள். குழாயிடம் யாரும் சொல்லவில்லை.

அந்தப் படத்தை எப்படி எடுப்பது என்பதில் ஒரு மணி நேரம் போயிற்று. விதிப்படி 3 மீட்டரிலிருந்து எடுத்தால் பதினாறில் ஒன்றாக, விளங்காத வளைவுள்ள ஒன்றாக மட்டும் இருக்கும். அடைபட்ட ஜன்னல் பாதிதான் உள்ளே வரும். 6 மீட்டரிலிருந்து எடுத்தால் கதை முழுதாக வரும், ஆனால் கட்டத்தில் உட்காராது. இரண்டையும் எடுத்தேன். கட்டத்தில் வைக்கப்போவது 3 மீட்டர்ப் படத்தைத்தான். காரணமுள்ள வளைவுகளுக்கு நடுவில் காரணமில்லாத ஒரு வளைவு இருப்பதை, தேடிக் கண்டுபிடிப்பவர் கண்டுபிடிக்கட்டும். செங்கல் வரிசை மாறும் விளிம்பு அந்தப் படத்திலும் ஓரத்தில் இருக்கிறது.

ஆறாம் நாள்

ரயில் மாலையில். பகல் முழுவதும் அறையில் உட்கார்ந்து படங்களைப் பிரித்தேன். ஆறு நாட்களில் எடுத்தவற்றில், பதினாறு குழாய்களை ஒன்றாகக் கணக்கிட்டால், ஒன்பது மிஞ்சுகின்றன. முதல் நாளிலிருந்து எதுவும் இல்லை. நான்காம் நாளிலிருந்தும் இல்லை. அழித்த இரண்டில் ஒன்று இருந்திருக்கலாம்.

ஆல்பெர்ட் ரெங்கர்-பாட்ச் என்ற ஜெர்மானியர் செடிகள், இயந்திரங்கள், பாத்திரங்கள், கட்டடங்கள் ஆகியவற்றின் நூறு படங்களை 1928இல் நூலாக வெளியிட்டபோது, அதற்கு அவர் விரும்பிய தலைப்பு ‘பொருள்கள்’ என்பதுதான். ‘உலகம் அழகானது’ என்ற பொருளில் இன்னொரு தலைப்பு வைக்கப்பட்டு, நூல் அந்தப் பெயராலேயே புகழ்பெற்றது. அழகுபடுத்திக் காட்டுகிறார் என்ற ஏச்சையும் அந்தத் தலைப்பு அவருக்கு வாங்கித் தந்தது. என் ஒன்பது படங்களுக்குத் தலைப்பு யோசித்தபோது அவர் பக்கமே சாய்ந்தேன். மூடி. கிராதி. தூண்கள். குழாய்கள்.

ரயில் நிலையத்துக்கு முன்னதாகவே வந்துவிட்டேன். நடைமேடையின் நீளத்துக்கும் மஞ்சள் கற்கள். நடைமேடை விளிம்புக்கு இணையாக ஓடும் நீளக் கோடுகள் படியருகே வந்ததும் புள்ளிகளாக மாறுகின்றன. சூரியன் இறங்கி, வெளிச்சம் கூரைக்கு அடியில் சாய்வாக நுழைந்துகொண்டிருந்தது, 28 மி.மீ. நிழலுக்கு இன்னும் பத்து நிமிடம் இருக்கும். கோடுகள் மறைபுள்ளிக்கு ஓட வேண்டுமென்றால் கேமரா கற்களின் நட்டநடுவில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்க வேண்டும். ட்ரைபாடின் கால்களை முழுதாக விரித்து அங்கே வைத்தேன், பின்னால் நானும் மண்டியிட்டேன். சட்டகம் சரியாக அமைந்தது. நிழல்கள் நீளத் தொடங்கின.

திரையின் நடுவில், கோடுகள் கூடும் இடத்தில், ஓர் ஆள் தோன்றினார். முதலில் நல்ல சகுனமாகத்தான் எடுத்துக்கொண்டேன். அளவைக் காட்ட ஒரு மனிதர் கிடைத்தார் என்று. அவர் பெரிதாகிக்கொண்டே வந்தார். ஒரு தட்டல் ஓசை கேட்டது, சீராக, இடமும் வலமுமாக. வெள்ளைக் கோல். அவர் கோடுகளின் வழியே வந்துகொண்டிருந்தார். அந்தக் கோடுகளின்மேல் மூன்று கால் விரித்து என் ட்ரைபாட் நின்றுகொண்டிருந்தது, அதன் பின்னால் நான்.

அள்ளியெடுத்துக்கொண்டு ஒதுங்கினேன். அவருக்கு என்ன கேட்டதோ, இரண்டடி முன்னால் நின்று, “யாராவது இருக்கிறீர்களா?” என்றார். மன்னியுங்கள், வழியில் சாமானை வைத்துவிட்டேன், எடுத்துவிட்டேன் என்றேன். சரி என்று தலையசைத்துவிட்டுக் கோடுகளின் வழியே நடந்தார். படியருகே புள்ளிகள் தொடங்கும் இடத்தில் கோல் ஒரு கணம் தயங்கியது. நின்றார், கைப்பிடியைத் தேடிப் பிடித்தார், இறங்கிப் போனார்.

நான் ஒதுங்கி நின்ற இடத்திலிருந்து பார்த்தால் கோடுகள் மறைபுள்ளிக்கு ஓடவில்லை, பக்கவாட்டில் சாதாரணமாகக் கிடந்தன. ட்ரைபாடை மடக்கிப் பையில் வைத்தேன். ரயில் வருவதற்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது.